காப்பீட்டு அட்டை இங்கே எங்கே?

(தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து திரும்பி, மூதூர்ப் பக்கத்துக் கிராமங்களில் குடியமர்ந்த மூத்தோருக்கான தகவல் கூட்டத்தில் ஆற்றிய உரை)



திரும்பி வந்த முதல் மாதத்திலேயே உங்களில் பலர் எங்களிடம் ஒரே கேள்வியைக் கேட்டீர்கள்: "பிள்ளை, அங்கே முகாமில் எங்களுக்குக் காப்பீட்டு அட்டை இருந்தது. இங்கே அதை எந்தக் கந்தோரில் எடுப்பது?"

இங்கே அப்படி ஓர் அட்டை இல்லை. அதைக் கேட்டதும் சிலருக்கு முகம் வாடிவிடுகிறது. வாடத் தேவையில்லை. தமிழ்நாட்டில் உங்களிடம் இருந்த முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை, பெரிய சிகிச்சைகளுக்கான கட்டணத்தை உங்களுக்காக ஆஸ்பத்திரிக்குக் கட்டியது. இங்கே அரச வைத்தியசாலையில் வைத்தியரைப் பார்ப்பதற்கும் வார்ட்டில் படுப்பதற்கும் சத்திரசிகிச்சைக்கும் அங்கே தருகிற மருந்துக்கும் கட்டணம் இல்லை. கட்டணம் இல்லாத இடத்தில் அதைக் கட்டுவதற்கு ஓர் அட்டையும் தேவையில்லை.

அப்படியென்றால் மாதக் கடைசியில் கையில் ஏன் காசு இல்லை? நியாயமான கேள்விதான். இலவச வைத்தியம் உள்ள இந்த நாட்டிலும் மொத்தச் சுகாதாரச் செலவில் கிட்டத்தட்டப் பாதி மக்களின் கையிலிருந்தே போகிறது. அது எந்த வழியால் போகிறது என்று தெரிந்தால்தான் அடைக்கலாம்.

ஓர் ஐயாவின் கதையைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். அவருக்குச் சீனியும் பிரஷரும் இருந்தன. பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில்தான் நல்ல மருந்து கிடைக்கும் என்று நினைத்து மாதாமாதம் திருகோணமலைக்குப் போவார். வரிசை நீண்டிருந்தால் பொறுக்காமல் வெளியில் சனல் பண்ணுவார். எழுதித் தந்ததைப் பக்கத்துப் பாமசியில் வாங்குவார். காசு போதாமல் போனபோது பிரஷர் குளிசையைப் பாதியாக உடைத்துப் போடத் தொடங்கினார். வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஒருநாள் காலை கிணற்றடியில் மயங்கி விழுந்தார்.

அவர் வார்ட்டிலிருந்து வந்த பிறகு நாங்கள் அவரோடும் மகனோடும் இருந்து ஒரு மாதச் செலவைக் கொப்பியில் எழுதிப் பார்த்தோம். எங்களுக்கே ஆச்சரியம். குளிசைச் செலவு மூன்றாம் இடத்தில்தான் இருந்தது. முதலிடத்தில் ஆட்டோவும் பஸ்ஸும். இரண்டாம் இடத்தில், துணைக்குப் போன மகன் இழந்த ஒரு நாள் கூலி. அதை யாரும் மருத்துவச் செலவென்று கணக்கெடுப்பதில்லை. இத்தனைக்கும் அவர் போட்ட அதே குளிசைகள் மூதூர் தள வைத்தியசாலைக் கிளினிக்கிலேயே இருந்தன. பெட்டியின் நிறம்தான் வேறு.

நீங்கள் போகும்போது கிண்ணியாவில் பாதையில் ஏறித்தான் துறை கடந்திருப்பீர்கள். இப்போது 2009 முதல் பாலம் இருக்கிறது. பட்டணம் போவது இலேசாகிவிட்டது. ஆனாலும் மாதாந்த மருந்துக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. மூதூர், கிண்ணியா, கந்தளாய் தள வைத்தியசாலைகளில் உங்களுக்கு அண்மையானதில் கிளினிக்கில் பதிந்துகொள்ளுங்கள். விசேட நிபுணரைப் பார்க்க வேண்டுமென்றால் அங்கிருந்தே எழுதி அனுப்புவார்கள்.

முதல் நாள் போகும்போது இந்தியாவிலிருந்து கொண்டுவந்த மருந்து அட்டைகளையும் பழைய ரிப்போர்ட்டுகளையும் கொண்டுபோங்கள். வெறும் அட்டையானாலும் எறிய வேண்டாம். அட்டையில் ஒன்று கம்பனி வைத்த பெயர். அது இங்குள்ள வைத்தியருக்குத் தெரியாமல் இருக்கலாம். அதோடு மெற்போமின், லொசாட்டன் என்று மருந்தின் பொதுப்பெயரும் இருக்கும். அது பெரும்பாலும் எந்த நாட்டிலும் ஒன்றுதான். பாமசியில் வாங்க நேர்ந்தாலும் இந்தப் பெயரைச் சொல்லி, "இதிலேயே விலை குறைந்தது எது?" என்று கேளுங்கள். அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் ஒசுசல கிட்ட இருந்தால் அங்கும் விலை கேட்டுப் பாருங்கள்.

கிளினிக் கொப்பியைப் பத்திரமாக வைத்திருங்கள். இங்கே உங்களுக்கு அட்டை என்றால் அந்தக் கொப்பிதான். குறித்துத் தந்த திகதியைத் தவறவிட்டால் மருந்து இடையில் முடிந்து, கடையில் காசு கொடுத்து வாங்க வேண்டிவரும்.

சிலவேளை வைத்தியரே வெளியில் வாங்கச் சொல்லி எழுதித் தருவார். 2022 இல் வந்த மருந்துத் தட்டுப்பாட்டுக் காலத்தில் இது எல்லோருக்கும் பழகிப்போனது. துண்டைப் பேசாமல் வாங்கிக்கொண்டு வெளியே வரவேண்டாம். "ஐயா, எனக்கு வாங்க வசதி இல்லை. இதற்குப் பதிலாக இங்கே இருக்கிற மருந்து ஏதும் தரலாமா?" என்று கேளுங்கள். வெளி லாப்பில் இரத்தம் சோதிக்கச் சொன்னாலும், "இங்கேயே எப்போது செய்யலாம், அதுவரை பொறுக்கலாமா?" என்று கேளுங்கள். பல வருடம் முகாமில் வரிசையில் நின்ற நமக்குக் கேள்வி கேட்பதென்றால் ஒரு கூச்சம். வசதியில்லை என்பதைச் சொல்லாமல் குளிசையை உடைப்பதுதான் ஆபத்து.

நெஞ்சுவலி, வாய் கோணுதல், ஒரு பக்கம் விளங்காமல் போதல் என்றால் வாடகை வான் தேடி அலைய வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு எடுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் வரும். அதற்கும் காசு இல்லை.

இனிக் கடதாசி வேலை. 60 வயது தாண்டியவர்கள் பிரதேச செயலகத்தில் முதியோர் அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். அதைக் காட்டினால் வரிசையில் முன்னுரிமை உண்டு. சில பாமசிகளில் விலைக்கழிவும் உண்டு, கேட்டால்தான் தருவார்கள். வருமானம் குறைந்த குடும்பங்களில் 70 வயதைத் தாண்டியவர்களுக்கான முதியோர் கொடுப்பனவு 2025 ஏப்ரலில் இருந்து மாதம் 5000 ரூபா. இதய சத்திரசிகிச்சை, புற்றுநோய் போன்ற பெரிய செலவென்றால் ஜனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பிக்கலாம். முன்பு அதற்குக் கொழும்பு போக வேண்டும். 2025 பெப்ரவரியிலிருந்து பிரதேச செயலகத்திலேயே கொடுக்கலாம். தனியார் ஆஸ்பத்திரியில் பணம் கட்டுவதற்கு முன்னரே போய் விசாரியுங்கள். தேசிய அடையாள அட்டை இன்னும் கைக்கு வராதவர்கள் முதலில் கிராம உத்தியோகத்தரைப் பிடியுங்கள். ஆனால் அது வரும்வரை கிளினிக்கைத் தள்ளிப்போடாதீர்கள். சீனி கடதாசிக்காகக் காத்திருக்காது.

கடைசியாக, வீட்டுக்கு வந்து "காப்புறுதி போடுங்கள், அம்மா" என்று சொல்கிறவர்களைப் பற்றி. காப்புறுதி கெட்டதல்ல. ஆனால் கையெழுத்துப் போட முன்னர் கேளுங்கள்: என் வயதுக்கு இது செல்லுமா? எனக்கு ஏற்கெனவே உள்ள வருத்தத்துக்குப் பணம் தருமா, எத்தனை மாதம் கழித்து? வார்ட்டில் படுத்தால் மட்டுமா, மாதக் குளிசைக்கும் தருமா? பெரும்பாலான திட்டங்கள் படுத்தால்தான் தரும். உங்கள் காசு போவதோ ஆட்டோவிலும் குளிசையிலும். கட்டுப்பணம் கட்டிக்கொண்டே அந்தச் செலவையும் செய்ய வேண்டிவரும். பதிலை வாயால் அல்ல, எழுத்தில், தமிழில் தரச் சொல்லுங்கள். பிள்ளைகளிடம் காட்டாமல் ஒப்பமிட வேண்டாம். அரச ஓய்வூதியம் பெறுகிறவர்கள் இதையெல்லாம் யோசிக்க முன்னர், அக்ரஹார காப்புறுதி தங்களுக்கு உண்டா என்று பிரதேச செயலகத்தின் ஓய்வூதியப் பிரிவில் விசாரியுங்கள்.

மருந்து அட்டைகளைக் கொண்டுவந்திருப்பவர்கள் போய்விடாதீர்கள். வாசல் பக்க மேசையில் இருக்கும் பிள்ளைகள் பொதுப்பெயர்களை உங்கள் கொப்பியில் தமிழில் எழுதித் தருவார்கள். கண் தெரியாதவர்கள் முதலில் வாருங்கள்.