தேர்ந்து தெளிதல்: போன்ஹோபரின் ஒரு மாதம்



கிறித்தவர் ஒருவர் கடினமான முடிவை எடுக்க வேண்டிய வேளையில் திருமறை எவ்வாறு துணை நிற்கிறது என்பது இன்றைய பொருள். சைவ மரபில் திருமுறை ஏட்டில் கயிறு சாத்திப் பார்க்கும் வழக்கம் அறிஞர் அறிந்ததே. கிறித்தவ இல்லத்தாரும் புத்தாண்டு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுப்பதுண்டு. கண்ணை மூடி வேதத்தைத் திறந்து விரல் வைப்பாரும் உளர். அவர்தம் பக்தியில் குறையில்லை. ஆயினும், இறைவனின் விருப்பத்தைப் பகுத்தறியுமாறு பவுல் அடிகள் உரோமருக்கு எழுதுமிடத்தில் ஆளும் கிரேக்கச் சொல், நாணயத்தையும் உலோகத்தையும் மாற்றுப் பார்க்கும் தொழிலைச் சார்ந்தது. வள்ளுவர் கட்டளைக்கல் என்றாரே, அந்தக் கல்லின் வேலை அது. அதில் உரைக்கப்படுவது முடிவெடுப்பவனின் நெஞ்சே.

ஜெர்மானிய இறையியலாளர் டீட்ரிச் போன்ஹோபரின் வாழ்வில் ஒரு மாதம் இதற்குத் தக்க சான்று. இட்லர் ஆட்சிக்குப் பணியாத திருச்சபையினருக்காக அவர் ஃபிங்கன்வால்டில் நடத்திய போதகர் பயிற்சிப் பள்ளியை 1937இல் இரகசியக் காவல்துறை மூடிவிட்டது. போர் நெருங்கியது. படைக்கு அழைப்பு வந்தால் மறுக்க வேண்டியிருக்கும்; மறுத்தால் உயிருக்கும் ஆபத்து, உடனிருந்தோர்க்கும் இடர். நண்பர் முயன்று அமெரிக்காவில் பணி தேடித் தந்தனர். 1939 ஜூன் 12ஆம் நாள் நியூயார்க்கில் இறங்கினார். அப்போது அவருக்கு வயது 33.

தப்பிச் செல்வோனுக்கு வேதத்தில் ஆதாரம் இல்லாமலில்லை. குழந்தை இயேசுவை எடுத்துக்கொண்டு யோசேப்பு எகிப்துக்கு ஓடினார். பவுலைக் கூடையில் வைத்துத் தமஸ்கு மதிலிலிருந்து இறக்கிவிட்டனர். ஓர் ஊரில் துன்புறுத்தினால் மறு ஊருக்கு ஓடும்படி இயேசுவே சீடருக்குச் சொன்னார். திரும்பிச் செல்வோனுக்கும் ஆதாரம் உண்டு. எருசலேமில் விலங்கு காத்திருக்கிறதென அறிந்தும் அதே பவுல் அங்கே சென்றார். வசனத்தை மட்டும் எண்ணினால் தராசின் இரு தட்டும் சமமாய் நிற்கும்.

மொரேவிய சகோதர சபை 1731 முதல் ஆண்டுதோறும் வெளியிட்டுவரும் அன்றாட வசன நூலைப் போன்ஹோபர் நாள்தோறும் படித்தார், நாட்குறிப்பும் எழுதினார். தாயகத்தில் விட்டுவந்த சகோதரரின் நினைவு அவரை வாட்டியது. ஜூன் 20ஆம் நாள், பணியை ஏற்க இயலாதென்று, தமக்கு உதவிய ஹென்றி லைப்பரிடம் தெரிவித்தார். அன்றைய குறிப்பு வியப்புக்குரியது. தம் முடிவின் உண்மைக் காரணம் தமக்கே முழுதும் விளங்கவில்லை என்கிறார். இது உள்ளத்தின் நேர்மைக் குறைவோ, அறிவுக்கு எட்டாத வழிநடத்துதலோ என்று ஐயுறுகிறார். இரண்டுமாகவும் இருக்கலாம் என்று விடுகிறார். தீர்ப்பையும் மன்னிப்பையும் இறைவனிடமே ஒப்படைக்கிறார். குரல் கேட்டதாகவோ அடையாளம் கண்டதாகவோ அதில் ஒரு சொல்லும் இல்லை.

ஆறு நாள் கழித்து, குளிர்காலத்திற்கு முன்னே வந்து சேருமாறு தீமோத்தேயுவைப் பவுல் அழைக்கும் பகுதியைத் தற்செயலாகப் படிக்கிறார். அவ்வழைப்பைத் தமக்குரியதாகக் கொள்வது வேதத்தைப் பிழையாகக் கையாள்வதாகாது என்று எழுதுகிறார். இந்த வசனமே அவரைத் திருப்பியனுப்பியது என்று உருக்கமாகக் கதை சொல்வாருண்டு. நாள்களை ஒட்டிப் பார்த்தால் அது பொருந்தாது. முடிவு முந்தியது, வசனம் பிந்தியது.

பேராசிரியர் ரைன்ஹோல்டு நீபருக்கு எழுதிய மடலில் காரணம் தெளிவு பெற்றது. இக்காலத் துன்பத்தில் தம் மக்களோடு பங்குகொள்ளாவிடின், போருக்குப் பின் ஜெர்மனியில் கிறித்தவ வாழ்வைக் கட்டியெழுப்பும் உரிமை தமக்கு இராது என்றார். ஜூலை 7 இரவு கப்பலேறினார். செப்டம்பர் முதல் நாள் போர் மூண்டது.

பின்னர் இட்லர் எதிர்ப்புக் குழுவில் சேர்ந்து, 1943 ஏப்ரலில் கைதானார். திரும்பி வந்ததற்காக ஒரு நொடியும் வருந்தவில்லை என்று அவ்வாண்டு டிசம்பரில் நண்பர் பெட்கேக்குச் சிறையிலிருந்து எழுதினார். கவிஞர் நிறைந்த இவ்வவைக்கு ஒரு செய்தி: இன்று பரவலாக அறியப்படும் அவருடைய கவிதைகள் பிறந்தது சிறையில்தான். 1944 கோடையில் இயற்றிய 'நான் யார்' என்னும் கவிதை, பிறர் காணும் அஞ்சாத மனிதர் மெய்யா, தாம் மட்டும் அறிந்த கலங்கிய மனிதர் மெய்யா என்று வினவுகிறது. 1939 ஜூன் 20இன் ஐயம் ஐந்தாண்டு கழித்தும் தீரவில்லை. அறிந்தவன் இறைவன் என்ற அளவில் கவிதை நின்றுவிடுகிறது. 1945 ஏப்ரல் 9ஆம் நாள் ஃபுளோசன்புர்க் முகாமில் அவர் தூக்கிலிடப்பட்டார்.