கூடலூரும் ஒன்பதாவது அட்டவணையும்



ஆட்சி அதிகாரம் என்றவுடன் நம் எண்ணம் டெல்லிக்கும் சென்னைக்கும் ஓடுகிறது. நான் உங்களை நம் மாவட்டத்துக் கூடலூருக்கு அழைக்கிறேன். 1877இல் வயநாட்டிலிருந்து பிரித்து நீலகிரியோடு சேர்க்கப்பட்ட பகுதி அது. மலையாள நாட்டு வழக்கப்படி அங்கே நிலம் ஜன்மிக்கு உரியதாக இருந்தது. பெரிய ஜன்மி நிலம்பூர் கோவிலகம். தேயிலைத் தோட்டத்தாரும் சிறு குடியானவரும் குத்தகைதாரரே.

விடுதலை பெற்ற நாட்டின் ஆட்சியாளர், நிலம் உழுபவனுக்கே என்று வாக்களித்திருந்தனர். ஆனால் பீகாரின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்தைப் பாட்னா உயர்நீதிமன்றம் 1951இல் செல்லாதென்றது. அவ்வாண்டே நேருவின் அரசாங்கம் அரசியல் சட்டத்தைத் திருத்தி, ஒன்பதாவது அட்டவணையை உண்டாக்கிற்று. அதில் இடம்பெற்ற சட்டத்தை, அடிப்படை உரிமைக்கு முரணானது என்று எந்த நீதிமன்றமும் தள்ள இயலாது என்பதே அன்றைய ஏற்பாடு. முதலில் 13 சட்டங்களே இருந்தன. பூட்டு ஒன்று கிடைத்துவிட்டால் பெட்டியில் எதையும் வைக்கத் தோன்றும் அல்லவா? பிற்காலத்தில் அவை 280க்கும் மேலாகப் பெருகின.

கூடலூர் ஜன்ம நிலங்களை ஒழிக்கும் சட்டம் 1969இல் பிறந்தது. அதன் நோக்கம் நல்லது. அதில் எனக்கு ஐயமில்லை. 1972இல் உச்சநீதிமன்றம் அதை ஏற்றது; காடுகளை அரசு எடுத்துக்கொள்வது மட்டும் நிலச் சீர்திருத்தம் ஆகாது என்று விலக்கியது. 1974இல் பாராளுமன்றம் அச்சட்டம் முழுவதையும் ஒன்பதாவது அட்டவணையில் வைத்துவிட்டது. நீதிமன்றம் விலக்கிய பகுதியும் அத்துடன் உயிர்பெற்றது. நோக்கம் நல்லதாயினும் இம்முறை எனக்கு உடன்பாடன்று. மக்கள் தேர்ந்தெடுத்த அரசு கேள்விக்கு அஞ்சலாமா?

அவ்வழக்கு மீண்டும் உச்சநீதிமன்றம் சென்றது. 2007 ஜனவரி 11 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமித்துத் தீர்ப்பளித்தனர். 1973 ஏப்ரல் 24க்குப்பின் அட்டவணையில் சேர்ந்த சட்டங்கள், அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பைக் குலைக்கின்றனவா என்று நீதிமன்றம் ஆராயலாம் என்பதே அத்தீர்ப்பு. சட்டக் கல்லூரிகளில் இந்தியா முழுவதும் இதைப் படிக்கிறார்கள். நம் மலைச்சரிவில் தொடங்கிய வழக்கென்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

இதை நான் வகுப்பில் சொல்லி முடித்தபோது மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, எங்கள் நிலத்துக்குப் பட்டா எப்போது கிடைக்கும்?” என்று கேட்டான். அச்சட்டத்தின் 17ஆம் பிரிவில், தோட்டக் குத்தகையைத் தொடர்வதா முடிப்பதா என்று அரசு தீர்மானிக்கவேண்டிய நிலங்கள் வருகின்றன. அவற்றில் குடியேறியவர்கள் பட்டாவுமின்றி, மின் இணைப்புமின்றி நெடுங்காலம் காத்திருந்தார்கள். அவன் வீடும் அவற்றுள் ஒன்று. அரசுக்கும் தோட்டத்தாருக்கும் நடந்த வழக்கில், அவன் தந்தையின் ஒரு துண்டு மிளகுத் தோட்டத்தைப் பற்றி யார் பேசினார்கள்?

அவனுக்கு அன்று நான் விடை சொல்லவில்லை. அச்சட்டத்தின் பிரதி ஒன்றை வாங்கிவந்து, 17ஆம் பிரிவை அவனோடு உட்கார்ந்து படித்தேன்.