நோயாளியின் கேள்வியை மறைக்காத ஓவியம்



இன்றைய அரங்கின் தலைப்பு, நோயும் நம்பிக்கையும். படுக்கையில் விழுந்த ஒருவர், “கடவுளுக்குக் கண் இல்லையா?” என்று கேட்டால் பக்கத்தில் இருப்பவர்கள் என்ன சொல்வார்கள்? “அப்படியெல்லாம் பேசாதே, சாமி குத்தம்” என்று அவர் வாயை அடைத்துவிடுவார்கள். ஆனால், 500 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கிறிஸ்துவ மடம் அந்தக் கேள்வியை அடக்கவில்லை. பீடத்து ஓவியத்திலேயே, லத்தீன் மொழியில், அதற்கு இடம் கொடுத்தது.

அந்த மடம் இருந்த ஊர் ஐசன்ஹைம். இன்றைய பிரான்சின் அல்சாஸ் வட்டாரத்தில் இருக்கிறது. வனத்து அந்தோனியார் பெயரிலான சபைத் துறவிகள் அங்கே நோயாளிகளைப் பராமரித்தார்கள். அவர்களிடம் வந்தவர்களில் பலருக்கு “அந்தோனியார் நெருப்பு” என்ற கொடிய நோய். கை, கால்கள் தீயில் இட்டதுபோல் எரியும். பிறகு கறுத்து, அழுகும். சிலருக்கு உறுப்பையே வெட்டி எடுக்க வேண்டியிருக்கும்.

இந்த நோய் எங்கிருந்து வந்தது தெரியுமா? சாப்பிட்ட ரொட்டியிலிருந்து! கோதுமையைப் போன்ற ரை என்னும் தானியத்தின் கதிரில் ஒருவகைப் பூஞ்சை கறுப்புக் கொம்புபோல் வளரும். அது மாவோடு சேர்ந்து அரைபட்டால் நஞ்சு. ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். இது தெளிவாகத் தெரியவந்தது 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். அதுவரை, பசிக்கு உண்ட உணவே தன்னை எரிக்கிறது என்று அந்த ஏழைக்குத் தெரியாது. துறவிகள் கொடுத்த நல்ல ரொட்டியும் பராமரிப்பும் பலருக்கு உதவியிருக்கும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

அந்த மடத்துப் பீடத்திற்காக, 1512 முதல் 1516 வரையிலான காலத்தில் ஓவியர் கிரூனவால்ட் பெரிய பலகை ஓவியங்களைத் தீட்டினார். கதவுகளைப்போல் திறந்து மூடும் அமைப்பு அது. மூடியிருக்கும்போது தெரிவது சிலுவைக் காட்சி. ஏறக்குறைய 3 மீட்டர் அகலம். அதில் இயேசுவின் மேனி அழகாக இல்லை. உடலெங்கும் புண்கள், முள் குத்திய தடங்கள், பச்சை படர்ந்த தோல், வலியில் விறைத்த விரல்கள். மடத்திற்கு வந்த நோயாளி அண்ணாந்து பார்த்தபோது, தன் உடம்பையே சிலுவையில் கண்டிருப்பார்.

சிலுவையின் வலப்பக்கத்தில் திருமுழுக்கு யோவான் நீண்ட விரலால் இயேசுவைச் சுட்டுகிறார். அவர் கையருகே சிவப்பு நிறத்தில் ஒரு லத்தீன் வாசகம். இனி வளர வேண்டியவர் இயேசு, தான் குறைந்துகொள்வதே முறை என்பது அதன் கருத்து. யோவான் அதற்கு முன்பே கொல்லப்பட்டவர். வரலாற்றின்படி அவர் அங்கே நின்றிருக்க முடியாது. பார்ப்பவரின் கண்ணைத் தன்மீது நிறுத்தாமல், துன்பப்படுகிறவரிடம் திருப்பிவிடுவதற்காகவே ஓவியர் அவரை நிறுத்தினார்.

முதல் கதவுகளைத் திறந்தால் உயிர்த்தெழுந்த இயேசு. ஒளி வட்டத்தின் நடுவே, சிலுவைக் காயங்களின் தடங்கள் மட்டுமே எஞ்சிய மேனி! சிலுவையில் பார்த்த அதே உடம்பு குணமாகி நிற்கிறது.

அதற்கும் உள்ளே, கடைசி நிலையில் இருப்பதுதான் முக்கியமானது. வனத்து அந்தோனியாரைப் பேய்கள் தலைமுடியைப் பிடித்து இழுத்து அடிக்கின்றன. இடது மூலையில் வயிறு வீங்கி, உடம்பெல்லாம் கொப்புளத்தோடு ஓர் உருவம். அந்தோனியார் நெருப்பு கண்டவரின் உருவமே அது என்று பலர் சொல்கிறார்கள். வலது மூலையில் ஒரு துண்டுக் காகிதம். அதில் லத்தீனில் ஒரு கேள்வி. எங்கே போயிருந்தீர், காயங்களை ஆற்ற ஏன் வரவில்லை என்று இயேசுவிடமே அந்தோனியார் கேட்கிறார்!

கேட்டவர் நம்பிக்கையற்றவர் அல்லர், ஒரு புனிதர். நீ போராடியதைப் பார்த்துக்கொண்டு அருகிலேயே இருந்தேன் என்று அவருக்குப் பதில் கிடைத்ததாகக் கதை சொல்கிறது. ஆனால், காகிதத்தில் அந்தப் பதில் இல்லை. கேள்வி மட்டுமே இருக்கிறது. மேலே, வானத்தில் சிறியதாக ஓர் ஒளி. அவ்வளவுதான். வலியில் இருப்பவரிடம் அவசரப்பட்டுப் பதில் சொல்லக்கூடாது என்பதை இதைவிட எப்படிச் சொல்வது?

அடுத்த பலகையில் அந்தோனியாரின் காலடியில் மூலிகைச் செடிகள் வரையப்பட்டுள்ளன. பிரார்த்தனை இருக்கிறது என்பதற்காக மருந்தை விட்டுவிடவில்லை அந்த மடம்.

பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1792-இல், இவ்வோவியம் பக்கத்தில் உள்ள கோல்மார் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டது. அங்குள்ள உன்டர்லிண்டன் அரும்பொருளகத்தில் அதைக் காணலாம். பல ஆண்டுகள் நடந்த சீரமைப்புப் பணி 2022-இல் முடிந்தது. இன்னொரு செய்தி. கிரூனவால்ட் என்பது அவருடைய உண்மைப் பெயரே அல்ல. 17-ஆம் நூற்றாண்டில் ஒருவர் தவறாக எழுதிவைத்த பெயர். உண்மைப் பெயர் மத்தீஸ் கோத்தார்ட் நித்தார்ட். ஓவியர் பெயர் குறைந்தது, ஓவியம் வளர்ந்தது.

நேயர்களே, உங்கள் வீட்டில் நோயாளி இருந்தால், அவர் கோபப்பட்டுக் கடவுளைக் கேள்வி கேட்டால், தடுக்காதீர்கள். வேளைக்கு மருந்து கொடுங்கள். பக்கத்தில் உட்காருங்கள். கேட்டு முடிக்க விடுங்கள்.