வீட்டில் ஒரு வேலைமேசை



படிப்பதற்கு ஒரு மேசை வேண்டும் என்று கேளாத மாணவர் இல்லை. ஆனால், செய்வதற்கு ஒரு மேசை வேண்டும் என்று கேட்பவர் எத்தனை பேர்? ஆடும் நாற்காலியைச் சரிசெய்யவும், மிதிவண்டியின் உறுப்பைக் கழற்றிப் பூட்டவும், ஒரு புத்தக அடுக்கை நாமே ஆக்கவும் உறுதியான ஓர் இடம் வேண்டும். அது இல்லாமையாலேயே, அரைமணி நேரத்தில் சீராகக்கூடிய பல பொருள்கள் நம் வீடுகளிலிருந்து பழைய சாமான் கடைக்குப் போகின்றன. வண்டி நிறுத்தும் கொட்டகையின் ஒரு மூலையிலோ, கொல்லைப்புறச் சார்ப்பிலோ, குறைந்த செலவில் ஒரு வேலைமேசை அமைக்கும் முறையை இன்று காண்போம்.

நம் நாட்டுத் தச்சர்கள் மேசை இன்றியே அரிய வேலைகளைச் செய்தவர்கள் அல்லரோ என்று நீங்கள் கேட்கலாம். உண்மையே. நிலத்தில் அமர்ந்து, பாதத்தால் மரத்தை இறுகப் பற்றி, உளியை ஓட்டும் திறம் அவர்களுக்கு உண்டு. ஆனால் அத்திறம் இளமை முதல் பல்லாண்டுப் பயிற்சியால் வருவது. புதிதாகக் கற்பவன் காலருகே உளியை ஓட்டுதல் ஆபத்து. அவனுக்கு மரத்தைப் பற்றிக்கொள்ளும் இரண்டாவது கை ஒன்று வேண்டும். அக்கைதான் வேலைமேசை.

நல்ல வேலைமேசைக்கு வேண்டிய குணங்கள் மூன்று. அது ஆடக்கூடாது, தொய்யக்கூடாது, உயரம் நம் உடலுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். இம்மூன்றுக்கும் விடை உங்கள் பள்ளிப் பாடங்களிலேயே இருக்கிறது.

முதலில் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். நான்கு குச்சிகளை முனையில் ஆணியடித்து ஒரு சதுரம் செய்து தள்ளிப் பாருங்கள். அது சாய்ந்து சாய்சதுரமாகிவிடும். மூன்று குச்சிகளால் ஒரு முக்கோணம் செய்து தள்ளுங்கள், அது அசையாது. மூன்று பக்கங்களின் அளவும் குறிக்கப்பட்டால் முக்கோணத்தின் வடிவம் ஒன்றே என்று வடிவியலில் படித்தீர்கள் அன்றோ? மூன்று பக்கங்கள் சமமான முக்கோணங்கள் சர்வசமம் என்னும் அத்தேற்றந்தான் மின்கோபுரத்தையும் இரயில் பாலத்தையும் நிறுத்தி வைத்திருக்கிறது. கரும்பலகையில் இதை விளக்கியபோது புரியாது விழித்த மாணவர்கள், நான்கு குச்சிகளைக் கையில் கொடுத்தவுடன் முகம் மலர்ந்ததை என் ஆசிரியப் பணியில் பலமுறை கண்டிருக்கிறேன். மேசையின் கால்களுக்கு இடையே ஒரு சாய்சட்டமோ, அகலமான ஒரு பலகையோ பொருத்தினால் ஆட்டம் நின்றுவிடும். பலகைக்குள்ளே எண்ணற்ற முக்கோணங்கள் மறைந்திருக்கின்றன என்று கொள்ளலாம்.

அடுத்தது தொய்வு. பலகையின் கனத்தை இரு மடங்கு ஆக்கினால், வளையாமல் நிற்கும் உறுதி எட்டு மடங்கு ஆகிறது. ஆயினும் இதில் ஒரு நுட்பம் உண்டு. இரண்டு பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சும்மா வைத்தால் உறுதி இரு மடங்கே. பசையிட்டு ஒன்றாக்கினால்தான் எட்டு மடங்கு. இவ்வாறே, 4 அங்குல அகலமும் 1½ அங்குலக் கனமும் உள்ள சட்டத்தைப் படுக்கையாக வைப்பதைவிட நிமிர்த்தி வைத்தால், வளையாமல் நிற்கும் உறுதி ஏறத்தாழ ஏழு மடங்கு கிடைக்கிறது. காசு ஒன்றும் செலவில்லை; அறிவு ஒன்றே செலவு.

மூன்றாவது உயரம். நிமிர்ந்து நின்று கைகளைத் தொங்கவிடுங்கள். மணிக்கட்டின் மட்டத்திற்கு மேசை இருந்தால் இழைப்புளி தள்ளவும் வாள் கொண்டு அறுக்கவும் உடலின் எடை துணை செய்யும். நடுத்தர உயரமுள்ள ஒருவருக்கு இது 34 அங்குலம் அளவில் அமையும். நெட்டையானவர் சற்றுக் கூட்டிக்கொள்க.

இனிப் பொருள்களைச் சேர்ப்போம். 8 அடி நீளமும் 4 அடி அகலமும் முக்கால் அங்குலக் கனமும் உள்ள ஒட்டுப்பலகை ஒன்று போதும். முதலில் குறுக்கே வெட்டி, 5 அடி நீளத் துண்டு ஒன்றைப் பிரியுங்கள். அதை நீளவாக்கில் இரண்டாக்கினால், 5 அடிக்கு 2 அடி உள்ள இரு பலகைகள் கிடைக்கும். அவற்றைப் பசையிட்டு ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, பாரம் ஏற்றி ஓர் இரவு வைத்தால், 1½ அங்குலக் கனமுள்ள மேற்பலகை ஆயிற்று. எஞ்சியது 4 அடிக்கு 3 அடி. அதில் 2 அடி அகலம் கீழ்த்தட்டுக்கு. 1 அடி அகலம் பின்பலகைக்கு. வீண் என்பது இல்லை. வாள் தின்னும் சிறு அளவை மட்டும் நினைவில் கொண்டு, பலகைகளை முதலில் வெட்டிப் பின்பு அவற்றுக்கு ஏற்பச் சட்டங்களை அளந்துகொள்ளுங்கள்.

கால்களுக்கு 3 அங்குலச் சதுர மரம் நான்கு வேண்டும். ஒவ்வொன்றும் 32½ அங்குல நீளம். நெடுஞ்சட்டம் நான்கு, 4 அடி நீளம். குறுஞ்சட்டம் நான்கு, 23 அங்குல நீளம். சட்டங்கள் எல்லாம் 4 அங்குல அகலம், 1½ அங்குலக் கனம். கணக்கிட்டுப் பாருங்கள்; மொத்தம் ஒன்றே முக்கால் கன அடிக்குள் அடங்கும். கழிவுக்கும் சேர்த்து 2 கன அடி வாங்கினால் போதும். தேக்கு வேண்டுவதில்லை. நன்கு உலர்ந்த வேம்போ, வாகையோ, இடித்த பழைய வீட்டின் மரமோ சிறந்தது. பழைய மரம் ஏற்கெனவே உலர்ந்து அடங்கியது, இனித் திருகாது. ஆனால் அதனுள் ஆணி மறைந்திருக்கும்; ஒவ்வொன்றையும் பிடுங்கிய பின்னரே வாளை வைக்க வேண்டும். அயல்நாட்டுச் சரக்கோடு வரும் அடித்தட்டு மரமும் மலிவாகக் கிடைக்கும். அதில் 'எச்.டி.' என்னும் முத்திரை இருந்தால், பூச்சி நீங்க வெப்பம் ஊட்டப்பட்டது என்று பொருள்.

கூட்டும் முறையைக் கவனியுங்கள். சட்டம் வந்து சேரும் இடத்தில் காலை முக்கால் அங்குல ஆழம் வெட்டி, சட்டத்தின் முனையையும் பாதிக் கனமாகக் குறைத்துப் பதிக்க வேண்டும். அப்போது சுமையை மரமே தாங்கும். போல்ட்டுக்குப் பிடித்துக்கொள்ளும் வேலை மட்டுமே எஞ்சும். நெடுஞ்சட்டமும் குறுஞ்சட்டமும் ஒரே உயரத்தில் வந்து சேர்ந்தால் கால் மெலிந்துவிடும். ஆதலின் மேலே நெடுஞ்சட்டத்தைக் காலின் உச்சியிலும், குறுஞ்சட்டத்தை அதன் கீழும் பொருத்துங்கள். அடியிலும் குறுஞ்சட்டம் கீழாகவும் நெடுஞ்சட்டம் அதன் மேலாகவும் அமையட்டும்.

இறுக்குவதற்கு முன் ஒரு சோதனை. சட்டகத்தின் இரு மூலைவிட்டங்களையும் கயிற்றால் அளந்து பாருங்கள். எதிர்ப்பக்கங்கள் சமமாக இருந்து, மூலைவிட்டங்களும் சமமானால், அது செவ்வகம். சமம் இல்லையேல் நீண்ட மூலையைத் தட்டிச் சரிசெய்து, பிறகு போல்ட்டுகளை வாஷர் இட்டு முறுக்குங்கள். திருகாணி புகும் இடங்களில் முன்னரே மெல்லிய துளை இட்டுக்கொண்டால் மரம் பிளவாது.

கீழ்த்தட்டின் அகலத்தை 23 அங்குலமாகக் குறைத்து, மூலைகளில் கால்களுக்கு இடம் வெட்டி, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்துகொள்ளுங்கள். மேற்பலகையைப் பொருத்துமுன் அது எளிதாக உள்ளே இறங்கும். பின்பலகையைப் பின்புறக் கால்களிலும் மேற்சட்டத்திலும் திருகாணியால் இறுக்குங்கள். சட்டகத்தின் அகலம் மேற்பலகையைவிட 1 அங்குலம் குறைந்தது எதற்கு என்று இப்போது விளங்கும். இப்பலகையின் கனத்திற்கு இடம் வேண்டுமன்றோ? இரு பக்கங்களிலும் ஒரு சாய்சட்டம் சேர்த்தால் ஆட்டம் அறவே ஒழியும். மேற்பலகை இரு முனையிலும் அரை அடி நீண்டிருக்கும்; அங்கே வைஸ் ஒன்றைப் பின்னர்ப் பொருத்திக்கொள்ளலாம். அதுவரை மேசையில் அறைந்த ஒரு கட்டையும் ஓர் ஆப்பும் மரத்தைப் பற்றிக்கொள்ளப் போதும்.

நம் ஊர்க் கறையானை மறவாதீர்கள். ஒவ்வொரு காலின் அடியிலும் ஒரு கல் துண்டு வைத்து, சுவரிலிருந்து மேசையைச் சற்று விலக்கி நிறுத்துங்கள். மண்புற்று ஏறினால் கண்ணுக்குத் தெரியும். கீழ்த்தட்டில் முப்பது செங்கற்களை அடுக்கினால் ஏறத்தாழ 90 கிலோ கூடும். பின்பு எவ்வளவு வேகமாக இழைத்தாலும் மேசை நகராது. சம்மட்டியும் வாளும் எடுக்கும்போது கண்ணுக்குக் கண்ணாடியும், காலுக்குச் செருப்பும், அருகில் பெரியவர் ஒருவரும் இருத்தல் வேண்டும்.

நண்பர்களே, இம்மேசையால் ஆவது சில நாற்காலிகளைச் சீராக்குவது மட்டும் அன்று. 1866-இல் பின்லாந்து நாடு தன் பள்ளிகளில் கைவேலையைக் கட்டாயப் பாடம் ஆக்கியது. 1937-இல் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில், கைத்தொழிலை நடுவாகக் கொண்ட கல்வியைக் காந்தியடிகள் முன்வைத்தார். ஆனால் நம் மாநிலத்தின் நினைவில் வேறொரு நிகழ்ச்சியும் இருக்கிறது. 1953-இல் சென்னை மாநிலத்தில் வந்த தொடக்கக் கல்வித் திட்டம், பிள்ளைகள் பாதிநாள் பள்ளியிலும் மீதிநாள் பெற்றோர் தொழிலிலும் பயில வேண்டும் என்றது. பிறப்பால் வந்த தொழிலிலேயே ஏழைப் பிள்ளைகளை நிறுத்திவிடும் என்று மக்கள் அதை எதிர்த்தனர். 1954-இல் அது கைவிடப்பட்டது. அவ்வெதிர்ப்பு நியாயமானதே. அதன் படிப்பினை, கைவேலை இழிந்தது என்பது அன்று. ஒருவன் பிறப்பைக் காட்டி அவன் கையில் உளியைத் திணிப்பது அநீதி. எல்லாருடைய கையிலும் உளியைக் கொடுப்பது கல்வி. தச்சரின் மகன் பொறியியல் படிக்க வேண்டும். பொறியியல் படிக்கும் மகளும் இழைப்புளி பிடிக்க வேண்டும். அப்போதுதான் பிறர் உழைப்பின் அருமை நமக்குத் தெரியும். அதற்கு உரிய கூலி தரவும் மனம் வரும்.

வரும் விடுமுறையில் இரண்டு மூன்று நண்பர்கள் கூடி இம்மேசையைச் செய்யத் தொடங்குங்கள். முதல் வெட்டு கோணலாக இருக்கலாம். அடுத்த வெட்டு நேராகும். செய்து முடித்தபின், வீட்டில் ஆடிக்கொண்டிருக்கும் நாற்காலி ஒன்றைத் தேடி எடுத்து அதன்மேல் வையுங்கள். அதில் எங்கே ஒரு முக்கோணம் குறைகிறது என்பது இப்போது உங்கள் கண்ணுக்குத் தானே புலப்படும்.