நோகாத சண்டை

விளையாட்டைப் பற்றி வானொலியில் பேசுவோர், மைதானத்தில் ஆடும் விளையாட்டையே பெரும்பாலும் எடுத்துக்கொள்வர். இன்று நான் எடுத்துக்கொண்ட விளையாட்டு வீட்டுக் கூடத்தில் ஆடப்படுவது. தொலைக்காட்சித் திரையில் நிகழ்வது. வீடியோ விளையாட்டு ஒன்று சொற்பொழிவுக்கு உரிய பொருளாகுமா என்று பெரியவர்கள் ஐயுறலாம். மாணவர்களாகிய நீங்கள் ஐயுற மாட்டீர்கள். ஆயினும், ஆடி முடித்தபின் அதைப் பற்றி அமர்ந்து எண்ணிப் பார்ப்பவர் உங்களிலும் சிலரே. அவ்வாறு எண்ணிப் பார்த்தால், ஒரு பொருளை எந்த அளவுகோலால் அளக்க வேண்டும் என்னும் பெரிய பாடத்தை ஒரு சிறு விளையாட்டே நமக்குக் கற்பிக்கக் காணலாம்.

அந்த விளையாட்டின் பெயர் ‘செல் டேமேஜ்’. கனடா நாட்டின் டொராண்டோ நகரில் இயங்கிய சூடோ இன்டராக்டிவ் என்னும் நிறுவனம் அதனை ஆக்கியது. எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் வெளியிட்டது. 2001 நவம்பர் 15ஆம் நாள் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் எக்ஸ்பாக்ஸ் என்னும் தன் முதல் விளையாட்டு எந்திரத்தை வட அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டு வந்தபோது, அதனோடு சேர்ந்து வந்த விளையாட்டுகளுள் இதுவும் ஒன்று. அதே நாளில், அதே எந்திரத்துக்காக, ‘ஹேலோ’ என்னும் போர் விளையாட்டும் வந்தது. உலகம் முழுவதும் ‘ஹேலோ’வைப் பற்றியே பேசிற்று. ஆலமரத்தின் அடியில் முளைத்த செடி போல, ‘செல் டேமேஜ்’ அந்த நிழலிலேயே நின்றுவிட்டது.

அதில் நடப்பது இதுதான். கோமாளித்தனமான சிலர் ஆளுக்கொரு வண்டியில் ஏறிக்கொண்டு, பாலைவனம், காடு, பேய்கள் உலவும் ஊர், விண்வெளி ஆகிய களங்களில் ஒருவரை ஒருவர் துரத்தி மோதுகின்றனர். அவர்களுள் பழைய அமெரிக்கக் கொள்ளைக் கூட்டத் தலைவனைப் போன்ற வாத்து ஒன்று உண்டு. குட்டிச் சாத்தான் ஒன்று உண்டு. முரட்டுக் காளை ஒன்றும் உண்டு. வழியில் கிடக்கும் ஆயுதங்களை எடுத்துக்கொள்ளலாம். கோடரியால் வெட்டினால் எதிரியின் வண்டி இரு பிளவாகும்; ரம்பத்தால் அறுத்தாலும் அப்படியே. ஆனால் பிளந்த வண்டிக்காரர் சில நொடிகளில் முழு உருவத்தோடு மீண்டும் களத்துக்கு வந்துவிடுவார். மோதிப் புள்ளி சேர்ப்பது ஒரு வகை ஆட்டம். வரிசையாக நிற்கும் வாயில்களைக் கடந்து ஓடுவது ஒரு வகை. கொடிகளைக் கவர்ந்து தம் இடம் சேர்ப்பது மற்றொரு வகை.

வண்டிகள் பொருதும் விளையாட்டுக்கு இதற்கு முன்பே ஒரு மரபு உண்டு. 1992இல் ஜப்பானிய நிறுவனமாகிய நின்டெண்டோ வெளியிட்ட ‘சூப்பர் மாரியோ கார்ட்’ விளையாட்டில், இருவர் தத்தம் வண்டியில் மூன்று பலூன்களைக் கட்டிக்கொண்டு, ஒருவர் பலூனை மற்றவர் உடைக்கும் போட்டி ஒன்று இருந்தது. 1995இல் ‘ட்விஸ்டட் மெட்டல்’ வந்தது; அதில் ஏவுகணைகளும் துப்பாக்கிகளும் புகுந்தன. 1997இல் பிரிட்டனில் ஆக்கப்பட்ட ‘கார்மகெடன்’ என்னும் விளையாட்டோ, தெருவில் நடந்து செல்வோரை வண்டியால் மோதிக் கொன்றால் பரிசு என்று வைத்தது. அந்நாட்டுத் தணிக்கைக் குழு அதற்குச் சான்றிதழ் வழங்க மறுத்தது. ஆகவே மனிதர்களுக்குப் பதிலாகப் பச்சை இரத்தம் சிந்தும் நடைபிணங்களை வைத்து அங்கே வெளியிட்டனர். மேல்முறையீட்டுக்குப் பிறகே மூல வடிவத்துக்கு இசைவு கிடைத்தது.

இந்த வழக்கில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. மோதும் செயல் மாறவில்லை. மோதப்படும் உருவம் மட்டுமே மாறிற்று. உருவம் மாறியதும் சமூகத்தின் தீர்ப்பும் மாறிற்று. அப்படியானால் ஒரு சண்டை அருவருப்பைத் தருவதும் சிரிப்பைத் தருவதும், அது எவ்வாறு வரையப்படுகிறது என்பதைப் பொறுத்தது என்றாகிறது அன்றோ? ‘செல் டேமேஜ்’ இந்த உண்மையையே தன் அடித்தளமாகக் கொண்டது.

அதன் பெயரே இதற்குச் சான்று. ‘செல்’ என்பது செல்லுலாய்டு என்பதன் குறுக்கம். 1914ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவில் எர்ல் ஹர்ட் என்பவர், ஓடும் சித்திரப் படங்களுக்கு ஒரு புது முறை கண்டார். அசையும் பாத்திரத்தைக் கண்ணாடி போன்ற தாளில் வரைந்து, அசையாத பின்னணியின்மேல் வைத்துப் படம் பிடிப்பதே அம்முறை. பின்னணியை ஒவ்வொரு முறையும் வரைய வேண்டிய தொல்லை அதனால் ஒழிந்தது. அந்தத் தாளே ‘செல்’. கறுப்புக் கோட்டுக்குள் சீரான வண்ணம் நிரப்பிய அந்த உருவங்களைத்தான் நாம் கார்ட்டூன் என்று கண்டு மகிழ்ந்தோம்.

கணினி இயல்பாக அப்படி வரைவதில்லை. ஒரு பந்தைக் கணினி வரையும்போது, அதன்மீதுள்ள ஒவ்வொரு புள்ளியும் ஒளியை நோக்கி எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று கணக்கிடும். நேரே நோக்கும் இடம் வெளிச்சம். விலக விலக மெல்ல மெல்ல இருள். அதனால் பந்து மெய்யான பந்தைப் போலவே உருண்டு தோன்றும். ‘செல் ஷேடிங்’ என்னும் முறையோ அந்த மெல்லிய மாற்றத்தைப் படிக்கட்டாக வெட்டிவிடுகிறது. வெளிச்சம் ஒரு படி, நிழல் ஒரு படி, இடையில் ஒன்றுமில்லை. அதே உருவத்தைச் சற்றே பெரிதாக்கிக் கறுப்பாகப் பின்னால் வரைந்தால், ஓரத்தில் மட்டும் அது தெரிந்து மைக்கோடு ஆகிவிடுகிறது. மெய்யைப் போல வரைய வல்ல கணினியைப் பொய்யைப் போல வரையச் செய்வது என்று இதனைச் சொல்லலாம். ஜப்பானில் சேகா நிறுவனம் 2000இல் வெளியிட்ட ‘ஜெட் செட் ரேடியோ’ இம்முறையால் புகழ் பெற்றது. அடுத்த ஆண்டே ‘செல் டேமேஜ்’ அதனை வண்டிச் சண்டைக்குக் கொண்டு வந்தது.

கோடும் வண்ணமும் மட்டும் கார்ட்டூன் ஆகிவிடா. அசைவும் வேண்டும். டிஸ்னி நிறுவனத்தின் முதுபெரும் கலைஞர்களாகிய ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981இல் எழுதிய நூலில், சித்திர அசைவுக்குப் பன்னிரண்டு நெறிகளைக் கூறினர். அவற்றுள் முதலாவது, நசுங்குதலும் நீளுதலும். பந்து தரையைத் தொடும்போது நசுங்க வேண்டும். எழும்போது நீள வேண்டும். ‘செல் டேமேஜ்’ வண்டிகள் இரும்பால் ஆனவை என்று பெயர். நடத்தையோ ரப்பரின் நடத்தை. அவை வளையும், நசுங்கும், துள்ளும். 1949இல் தோன்றிய ‘ரோட் ரன்னர்’ படங்களில், ஓநாய் ஒன்று மலையுச்சியிலிருந்து விழுந்து தட்டையாகி, அடுத்த காட்சியிலேயே புதிய சூழ்ச்சியோடு எழுந்து வரும். அவ்வுலகத்தில் அடி உண்டு, வலி இல்லை. தோல்வி உண்டு, முடிவு இல்லை. அந்தச் சட்டமே இந்த விளையாட்டின் சட்டமும்.

நகை பிறப்பதற்குரிய காரணங்களுள் எள்ளி நகையாடுவதையும் பிள்ளைத்தன்மையையும் அறியாமையையும் சேர்த்துச் சொன்னார் தொல்காப்பியர். வாத்து ஒன்று காரோட்டி வந்து, தான் வைத்த பொறியில் தானே சிக்கும்போது, இம்மூன்றும் ஒருங்கே வந்துவிடுகின்றன. அங்கே வெகுளிக்கு இடமேது?

இனி, இதன் உயிர்நிலைக்கு வருகிறேன். எக்ஸ்பாக்ஸ் எந்திரத்தின் முன்புறத்தில் நான்கு துளைகள் இருந்தன. நான்கு பேர் தத்தம் கைக்கருவியை அவற்றில் செருகி ஒரே நேரத்தில் ஆடலாம். ‘செல் டேமேஜ்’ தொலைக்காட்சித் திரையை நான்கு கட்டங்களாகப் பிரித்து, ஆளுக்கொரு கட்டம் அளித்தது. ஒரே எந்திரம் ஒரே நொடிக்குள் நான்கு கோணங்களிலிருந்து களத்தை மீண்டும் மீண்டும் வரைய வேண்டும்; எளிய வேலையன்று. ஆனால் அதனால் விளைந்த பயன் பெரிது. நால்வரும் ஒரே பாயில் அமர்ந்திருக்கின்றனர். என் கட்டத்தை நீங்கள் பார்க்கலாம். உங்கள் கட்டத்தை நான் பார்க்கலாம். மறைந்திருந்து தாக்க எண்ணுபவனின் மறைவிடம் அவனுடைய கட்டத்திலேயே எல்லாருக்கும் தெரிந்துவிடும்! இரகசியம் இல்லாத போர் அது. அடித்தவன் பக்கத்திலேயே இருக்கிறான். அவன் சிரிப்பும் கேட்கிறது. அடிபட்டவன் அவன் தோளில் செல்லமாக ஒரு குத்துவிடவும் முடிகிறது.

இத்தகைய கூட்டத்தில் பழகியவரும் பழகாதவரும் கலந்தே இருப்பர். சதுரங்கத்தில் வல்லவரோடு புதியவர் ஆடினால், முடிவு முன்பே தெரிந்ததே. இங்கே அப்படியன்று. எந்த ஆயுதம் யார் கையில் சிக்கும் என்பதில் நற்பேற்றுக்கும் பங்குண்டு. முதல் முறையாகக் கருவியைப் பிடித்த தங்கை, நெடுநாள் ஆடிய அண்ணனின் வண்டியை இரண்டாகப் பிளந்துவிட முடியும். தோற்றவர் ஆட்டம் முடியும்வரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. உடனே திரும்பி வரலாம். ஒருவர் மிகவும் முந்திவிட்டால் மற்ற மூவரும் கண்ணாலேயே பேசிக்கொண்டு ஒன்று சேர்வதும், அவரை வீழ்த்தியதும் அந்தக் கூட்டணி கலைவதும் உண்டு. இவ்வளவும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். முடிந்ததும், “இன்னும் ஓர் ஆட்டம்” என்று யாராவது ஒருவர் சொல்வார்.

இவ்வளவு நயமுடைய விளையாட்டு ஏன் போற்றப்படவில்லை? வெளிவந்த காலத்தில் மதிப்புரை எழுதியவர்கள் அதன் தோற்றத்தைப் பாராட்டினர். ஆனால் களங்கள் குறைவு, ஆழம் இல்லை, விரைவில் சலித்துவிடுகிறது என்றும் எழுதினர். அக்குற்றங்கள் பொய்யல்ல. தனியே அமர்ந்து கணினி ஓட்டும் வண்டிகளோடு மோதினால், ஒரு மாலைப் பொழுதுக்குள் இதன் புதுமை தீர்ந்துவிடும் என்பதை நானும் ஒப்புகிறேன். வண்டிகள் சறுக்கும் சறுக்கலும் சிலருக்கு எரிச்சலூட்டும்.

குணத்தையும் குற்றத்தையும் ஆராய்ந்து, மிகுந்ததைக் கொண்டு ஒருவரை மதிக்க வேண்டும் என்றார் வள்ளுவர். அந்த அறிவுரையைக் கைக்கொள்ளும் முன்பு, எந்தச் சூழலில் நின்று ஆராய்கிறோம் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். நால்வருக்காகச் செய்த பொருளை ஒருவர் தனித்திருந்து அளந்தால், குற்றமே மிகுந்து தோன்றும். வில்லுப்பாட்டை அச்சில் மட்டும் படித்துவிட்டு, சொன்னதையே சொல்கிறதே என்று குறை கூறுவது போன்றது அது. அந்த அடியைப் பலர் சேர்ந்து வாங்கிப் பாடுவதில்தானே அதன் உயிர் இருக்கிறது! ஒற்றை ஆளுக்குக் குறையாகத் தோன்றிய சுருக்கமும் எளிமையும், நால்வர் கூடிய இடத்தில் குணங்களாகிவிடுகின்றன. விதிகள் மிகுந்த விளையாட்டை விருந்தாளிக்குக் கற்பிப்பதற்குள் விருந்தே முடிந்துவிடும்.

காலமும் இதற்கு உதவவில்லை. இது வந்த மறு ஆண்டு, 2002 நவம்பரில், மைக்ரோசாஃப்ட் ‘எக்ஸ்பாக்ஸ் லைவ்’ என்னும் இணையச் சேவையைத் தொடங்கிற்று. தொலைவிலிருப்பவரோடு ஆடும் வசதி வந்தது. அது பெரும் நன்மையே. கடல் கடந்து வாழும் நண்பரோடு ஆட முடிவதை யார் வெறுப்பார்? ஆயினும், ஒரே பாயில் நால்வர் அமர்ந்து ஆடும் வழக்கம் மெல்லக் குறைந்தது. திரையைப் பிரிக்கும் வசதியே இல்லாமல் பல விளையாட்டுகள் வரத் தொடங்கின. முகம் தெரியாதவரை அடிக்கும்போது சினம் எளிதில் மூள்கிறது. வசைச்சொல்லும் எளிதில் வருகிறது. அருகில் அமர்ந்திருப்பவரை அடிக்கும்போது, அவர் முகமே நமக்கு ஒரு கடிவாளமாகிறது.

ஆக்கிய நிறுவனம் 2008இல் மூடப்பட்டது. ஆனால் விளையாட்டு மறையவில்லை. 2014இல் ஃபினிஷ் லைன் கேம்ஸ் என்னும் நிறுவனம், அதனைத் தெளிவான படத்தோடு பிளேஸ்டேஷன் எந்திரங்களுக்குப் புதுப்பித்து வெளியிட்டது. இங்கே ஓர் அழகு உண்டு. மெய்யைப் போலவே வரைய வேண்டும் என்று 2001இல் பாடுபட்ட விளையாட்டுகள் பலவும், எந்திரங்களின் ஆற்றல் வளர வளரப் பழமை தட்டிப் போயின. கோடும் வண்ணமுமாக வரைந்த இதுவோ, இன்றும் நேற்று வரைந்ததுபோல் இருக்கிறது. 2002 டிசம்பரில் ஜப்பானில் வெளியான ‘விண்ட் வேக்கர்’ என்னும் நின்டெண்டோ விளையாட்டும், முதலில் குழந்தைத்தனம் என்று இகழப்பட்டுப் பின்னர் போற்றப்பட்டது இதே காரணத்தால்தான். மெய்யோடு போட்டியிடாத கலைக்கு மூப்பு விரைவில் வருவதில்லை.

மாணவ நண்பர்களே, எல்லாரும் இந்த விளையாட்டை வாங்கி ஆட வேண்டும் என்று சொல்ல நான் வரவில்லை. தேர்வுக் காலத்தில் அப்படிச் சொன்னால் உங்கள் பெற்றோர் என்னை மன்னிக்க மாட்டார்கள்! ஒரு நூலையோ, நாடகத்தையோ, விளையாட்டையோ மதிப்பிடும்போது, ‘இது யாருக்காக, எந்தக் கூட்டத்துக்காக ஆக்கப்பட்டது?’ என்று முதலில் கேளுங்கள். கேட்டபின் அந்த இடத்திலே நின்று அதனைப் பாருங்கள். பிறர் கொடுத்த மதிப்பெண் என்னவாயினும், உங்கள் தீர்ப்பு உங்களுடையதாக இருக்கும். விடுமுறை நாளில் நண்பர் மூவரை வீட்டுக்கு அழைத்து, ஒரே திரையின் முன் அமர்ந்து, ஒருவரை ஒருவர் நோகாமல் அடித்துச் சிரித்துப் பாருங்கள். அச்சிரிப்பு எந்த மதிப்புரையிலும் அளக்கப்படாத ஒன்று.