கிராணியும் நாமே



பால்மரம் வெட்டிய காலத்தில் கணக்கு எழுதுவது நம் வேலையாக இருந்ததில்லை. பாலை நிறுத்துக் குறித்தவர் கிராணி. செக்ரோலில் பேர் போட்டவரும் அவரே. சேமநிதிப் பணத்தையும் சம்பளத்திலேயே பிடித்துக்கொண்டார்கள். இன்று நம் பிள்ளைகள் பலர் தோட்டத்தை விட்டு, பினாங்கு ஜார்ஜ் டவுனில் மோட்டார் சைக்கிளில் உணவு கொண்டு சேர்க்கிறார்கள். கிராப், ஃபூட்பாண்டா என்று சட்டையில் பெயர் இருந்தாலும் அவர்கள் அங்கே சம்பளக்காரர்கள் அல்லர். வரிக் கணக்கில் அவர்கள் சொந்தத் தொழில் செய்பவர்கள். தொழிலாளியும் அவரே, கிராணியும் அவரே.

சம்பளக்காரர் நிரப்புவது பி.இ. பாரம். சொந்தத் தொழில் செய்பவருக்குப் பி பாரம். அதற்குக் கடைசி நாள் மறு ஆண்டு ஜூன் 30. பகலில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை, மாலையில் உணவு விநியோகம் என்றால், அவருக்கும் பி பாரம்தான். இரண்டு வருமானத்தையும் அதிலேயே காட்ட வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பள்ளிக்கூடத்தில் நாங்கள் சொல்லிக்கொடுக்கும் கழித்தல் கணக்குதான். ஒரு பையனுக்கு மாதம் 4,000 வெள்ளி வருகிறது, ஆண்டுக்கு 48,000. செலவு எதையும் அவன் எழுதி வைக்கவில்லை. தனிநபர் கழிவு 9,000 போனால் மீதி 39,000. 2023ஆம் மதிப்பீட்டு ஆண்டு முதல் உள்ள விகிதப்படி இதற்கு வரி 840 வெள்ளி. அதே பையன் தொழிலுக்காக ஆண்டில் 12,000 வெள்ளி செலவிட்டதை ரசீதோடு காட்டினால் மீதி 27,000. வரி 360 வெள்ளி. மீதித் தொகை 35,000ஐத் தாண்டாதவருக்கு 400 வெள்ளி தள்ளுபடி உண்டு. ஆகவே அவன் கட்ட வேண்டியது ஒன்றுமில்லை.

எது செலவு? எண்ணெய், டயர், பழுது பார்த்த கூலி, காப்புறுதி, சாலை வரி, கைப்பேசிக் கட்டணத்தில் தொழிலுக்கான பங்கு ஆகியவை. வண்டியைச் சொந்த வேலைக்கும் ஓட்டினால் அந்தப் பங்கை நீக்கிவிட வேண்டும். மதியச் சாப்பாடு செலவில் சேராது. போலீஸ் சம்மனும் சேராது. பினாங்குப் பாலத்தில் மோட்டார் சைக்கிளுக்கு 2019 முதல் கட்டணம் இல்லை, ஆகவே அங்கே எழுத ஒன்றுமில்லை!

வண்டி வாங்கிய விலையை ஒரே ஆண்டில் செலவாகக் காட்ட முடியாது. தொழிலுக்கென்றே 6,000 வெள்ளி ரொக்கம் கொடுத்து வாங்கியிருந்தால், முதல் ஆண்டில் 2,400 வெள்ளியும் அடுத்த மூன்று ஆண்டுகளில் 1,200 வீதமும் கழிக்கலாம். தவணையில் வாங்கியவருக்கு, அந்தந்த ஆண்டு கட்டிய முதலுக்கே இந்தக் கழிவு. வட்டி தனியாகச் செலவில் சேரும்.

எண்ணெய்க் கடை ரசீதில் உள்ள எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும். ஆகவே வாங்கிய அன்றே கைப்பேசியில் படம் பிடிக்க வேண்டும். தேதி, தொகை இரண்டையும் நோட்டுப் புத்தகத்திலும் எழுத வேண்டும். இரவு களைத்து வரும் பிள்ளைக்கு இது பாரமாகத் தெரியலாம். வீட்டில் படிக்கிற தங்கை ஐந்து நிமிடத்தில் எழுதி விடுவாள். இவற்றை ஏழு ஆண்டுகள் பத்திரப்படுத்த வேண்டும் என்பது சட்டம்.

"வரிதான் இல்லையே, பாரம் எதற்கு?" என்று கேட்கிறார்கள். பாரம் வந்திருந்தால், வரி இல்லாவிட்டாலும் அனுப்பியே ஆக வேண்டும். தவறினால் நீதிமன்றத்தில் 200 முதல் 20,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. இன்னொன்று, தாய் தந்தையர் கவனிக்க வேண்டியது: தோட்டத்து வீடு வேலை இருக்கும்வரைதான் நமது. பிள்ளை சொந்த வீட்டுக்குக் கடன் கேட்டு வங்கிக்குப் போனால், சம்பளச் சீட்டு இல்லாத அவனிடம் பி பாரத்தைத்தான் கேட்பார்கள்.

பாரத்தை வருமான வரி வாரியத்தின் இணையத் தளத்திலேயே காசில்லாமல் நிரப்பலாம். உதவிக்கு வருகிறவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். கடவுச்சொல்லை மட்டும் அவரிடம் கொடுத்துவிடாதீர்கள்.