கட்டி வலிக்காது, நாள் காத்திருக்காது

(மன்னார்த் தீவின் கரையோரக் கிராமம் ஒன்றில், உறவுகளைப் பார்க்கச் சென்ற தோட்டத்துப் பெண்களும் ஊர்ப் பெண்களும் கூடியிருந்த இடத்தில் எமது சுகாதாரக் குழுவினர் ஆற்றிய பேச்சின் எழுத்து வடிவம்.)



நேற்று ராத்திரி மலையில் பஸ் ஏறி, இன்று காலையில் பாலத்தைத் தாண்டி இந்தத் தீவுக்குள் வந்தோம். கடலைக் கண்டதும் எங்களோடு வந்த பாட்டி ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டார். "எங்க பாட்டனுக்குப் பாட்டன் இறங்கின கரை இதுதானாம்" என்றார். உண்மைதான். கோப்பித் தோட்ட காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்த நம்மவர்கள் தலைமன்னார், அரிப்புக் கரைகளில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தே போனார்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். மலையக மக்கள் இங்கு வந்து 200 வருஷம் ஆனதை நினைவுகூர்ந்து, 2023ஆம் ஆண்டு ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்குப் பலர் கால்நடையாகப் போனது உங்களுக்கு நினைவிருக்கும்.

அந்தக் காலத்தில் நோய் கண்டால் போவதற்கு ஓர் இடம் இருக்கவில்லை. இன்றைக்கு இடம் இருக்கிறது. ஆனா நாமதான் போறதில்லை. இதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறோம்.

இலங்கைப் பெண்களுக்கு வருகிற புற்றுநோய்களில் முதலிடத்தில் இருப்பது மார்புப் புற்றுநோய். ஏறக்குறைய நான்கில் ஒன்று இதுதான். இந்தப் பேச்சை எடுத்தாலே நம்ம ஆட்கள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு தலையைக் குனிந்துகொள்கிறார்கள். வெட்கப்பட இதில் என்ன இருக்கிறது? பிள்ளைக்குப் பால் கொடுத்த உறுப்பு. பல்லைப் போல, கண்ணைப் போல அதையும் கவனிக்க வேண்டும்.

எங்களுக்குத் தெரிந்த ஓர் அக்காவின் கதையைச் சொல்கிறோம். நல்ல கொழுந்து எடுக்கிற கை. ஒருநாள் குளிக்கும்போது இடது மார்பில் புளியங்கொட்டை அளவு கட்டி ஒன்று தட்டுப்பட்டது. வலியில்லை. கொழுந்து நிறைய இருந்த மாதம். ஒருநாள் போனால் ஒரு பேர் போய்விடுமே என்று பேசாமல் இருந்துவிட்டார். அடுத்து மகளின் கலியாணம் வந்தது. வெளியே தெரிந்தால் சம்பந்தி வீட்டார் என்ன சொல்வார்களோ என்று பயந்தார். பிறகு யாரோ சொன்ன பத்துப் போட்டுப் பார்த்தார். எட்டு மாதம் கழித்து எங்களிடம் வந்தபோது அக்குளிலும் கட்டி இருந்தது. ஒப்பரேஷனும் செய்தார்கள், மருந்தும் ஏற்றினார்கள். இரண்டு வருஷந்தான் இருந்தார். "முதல் மாசமே சொல்லியிருக்கலாம் இல்லையா?" என்று கடைசியில் அவரே எங்களைக் கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்று எங்களிடம் பதில் இல்லை. இன்று ஊர் ஊராகப் போய்ப் பேசுவது அதனால்தான்.

கரையிலும் இதே கதைதான் என்று இங்குள்ள அக்காமார் சொல்கிறார்கள். விடியப்புறம் தோணி வந்தால் மீன் தெரிய வேண்டும், கருவாடு போட வேண்டும், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். தன் உடம்பைப் பார்க்கிற முறை கடைசியாகத்தான் வருகிறது.

சரி, இந்த நோய் வராமல் தடுக்க முடியுமா? முழுதாக முடியாது. வயது ஏறினால் ஆபத்தும் ஏறும். சிறுவயதிலேயே பெரியபிள்ளையானவர்கள், மாதவிடாய் பிந்தி நின்றவர்கள், தாய்க்கோ கூடப்பிறந்தவளுக்கோ இந்த நோய் இருந்தவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். தகப்பன் வழியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இவை நம் கையில் இல்லை. ஆனால் ஆபத்தைக் குறைக்கிற சில காரியங்கள் நம் கையில் இருக்கின்றன.

முதலாவது, தாய்ப்பால். 30 நாடுகளில் நடந்த 47 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த முடிவு 2002இல் வெளிவந்தது. ஒரு தாய் தன் பிள்ளைகள் எல்லோருக்கும் பால் கொடுத்த மாதங்களைக் கூட்டிப் பார்த்தால், ஒவ்வொரு 12 மாதத்துக்கும் ஆபத்து நூற்றுக்கு நான்கு பங்குக்குச் சற்று மேலாகக் குறைகிறது என்று கண்டார்கள். நீண்ட காலம் பால் கொடுத்தவர்களுக்கு ஆபத்துக் குறைவு என்று நம் நாட்டுப் பெண்களிடம் நடந்த ஆய்வும் 2010இல் சொன்னது. பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்வரை வேலை நேரத்தில் இரண்டு தடவை பால் கொடுக்கப் போகச் சட்டம் இடம் தருகிறது. பிள்ளை மடுவம் இருந்தால் தடவைக்கு அரை மணி நேரம், இல்லாவிட்டால் ஒரு மணி நேரம். இது யாரும் போடுகிற பிச்சை இல்லை, உங்கள் உரிமை. பால் கொடுக்க முடியாமல் போன தாய்மார் மனம் நோக வேண்டாம். அவர்களுக்கும் மற்ற வழிகள் இருக்கின்றன.

இரண்டாவது, உடம்பு எடை. மாதவிடாய் நின்ற பிறகு பெண்மைச் சுரப்பு பெரும்பாலும் உடம்புக் கொழுப்பிலிருந்துதான் வருகிறது. கொழுப்பு கூடினால் அந்தச் சுரப்பும் கூடும், அது கட்டியை வளர்க்கக்கூடும். மலையேறிக் கொழுந்தெடுக்கும் வரை உடம்பு ஓடும். பென்சன் வயது வந்து வீட்டில் உட்கார்ந்ததும் ரொட்டியும் சீனித் தேத்தண்ணியும் மட்டும் குறைவதில்லை! வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேரம் வேகமாக நடந்தால் போதும். மன்னாரில் மேடு பள்ளம் இல்லை, சாட்டுச் சொல்லவும் இடமில்லை.

மூன்றாவது, குடி. சாராயமோ கள்ளோ பியரோ, எதுவானாலும் மார்புப் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும். அலுப்புக்குக் கொஞ்சம் என்று சொல்லி அக்காமார் சிலரும் குடிக்கிறார்கள். கொஞ்சமும் ஆபத்துத்தான். வீட்டுக்குள் பீடி, சிகரெட் புகையும் வேண்டாம்.

இவ்வளவும் செய்தவருக்கும் நோய் வரலாம். அதனால் அடுத்ததைக் கவனமாகக் கேளுங்கள். நோய் வருவது ஓர் ஆபத்து. பிந்திப் போவது அதைவிடப் பெரிய ஆபத்து.

உங்கள் மார்பு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். புதிதாக ஒரு கட்டி, அக்குளில் வீக்கம், தோடம்பழத் தோல் போலக் குழிந்த தோல், உள்ளே இழுபட்ட காம்பு, காம்பில் இரத்தம் அல்லது ஆறாத புண், இவற்றில் ஏதாவது கண்டால் போய்க் காட்டுங்கள். வலி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். இந்தக் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. அதேநேரம் பயந்தும் விடாதீர்கள், கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. எது எதுவென்று டாக்டர் சொல்லட்டும், அடுத்த லயத்துக்காரி சொல்ல வேண்டாம்.

நாமே தடவிப் பார்த்தால் மட்டும் போதுமா? போதாது. சீனாவில் ஷாங்காய் நகரத்து நெசவாலைப் பெண்கள் பலருக்கு அதைக் கற்றுக்கொடுத்துப் பார்த்தார்கள். சாவு குறையவில்லை என்று 2002இல் எழுதினார்கள். ஆனால் மும்பையில் வேறு மாதிரி நடந்தது. டாட்டா ஆஸ்பத்திரியார் 1998இல் தொடங்கி, பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்களைச் சேரிகளுக்கு அனுப்பி, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பெண்களின் மார்பைக் கையால் பரிசோதிக்கச் செய்தார்கள். ஒன்றரை லட்சம் பெண்கள் இந்த ஆய்வில் இருந்தார்கள். பரிசோதனை செய்யப்பட்ட பகுதிகளில், 50 வயதுக்கு மேற்பட்ட பெண்களிடையே இந்த நோயால் வரும் சாவு நூற்றுக்கு முப்பது அளவில் குறைந்தது என்று 2021இல் அறிவித்தார்கள். பெரிய மெஷின் எதுவுமில்லை. பழகிய கை, தவறாத தவணை, அவ்வளவுதான்.

அந்தக் கை நம் பக்கத்திலும் இருக்கிறது. சுகவனிதையர் கிளினிக் 1996இலிருந்து நாடு முழுவதும் நடக்கிறது. 35 வயது ஆனதும் போக வேண்டும். மார்பைப் பார்ப்பார்கள், கருப்பைக் கழுத்தைச் சோதிப்பார்கள், பிரஷர், சீனி எல்லாம் பார்ப்பார்கள். காசு இல்லை. எந்த நாள் என்று மிட்வைப் அம்மாவைக் கேட்டால் சொல்லுவார்.

கட்டி கண்டு டாக்டரிடம் காட்டினால், 60 நாளுக்குள் அது என்னவென்று தெரிந்துவிட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆகவே "அடுத்த மாசம் பார்ப்போம்" என்ற பேச்சை விடுங்கள். துண்டு கொடுத்தார்களானால் அந்தத் தேதிக்கே போங்கள்.

வைத்தியம் தூரம் என்பீர்கள். ஒருகாலம் வடக்கிலிருந்து மகரகமவுக்குத்தான் போக வேண்டியிருந்தது. 2011இல் தெற்கே தெய்வேந்திர முனையிலிருந்து பருத்தித்துறை வரை 27 நாள் நடந்து காசு சேர்த்தார்கள். அந்தக் காசில் தெல்லிப்பழையில் 2013இல் புற்றுநோய் வைத்தியசாலை திறந்தார்கள். முன்பின் தெரியாதவர்கள் நமக்காக அவ்வளவு தூரம் நடந்திருக்கிறார்கள். நாம் நமக்காக கிளினிக் வரை நடக்க மாட்டோமா?

அண்ணன்மாரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. "ஒரு பேர் போனா போகட்டும், நான் கூட வாறேன்" என்று நீங்கள் சொன்னால் பாதிப் பயம் அங்கேயே போய்விடும். நோய் கண்ட பெண்ணின் தட்டையும் பாயையும் தனியே ஒதுக்காதீர்கள். இது ஒட்டுகிற நோய் இல்லை. செய்வினையும் இல்லை, செய்த பாவமும் இல்லை. அபூர்வமாக ஆண்களுக்கும் இது வரும். உங்கள் மார்பில் கட்டி தெரிந்தாலும் காட்டுங்கள்.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். 35 வயது தாண்டிய உங்கள் அம்மா, அக்கா, அண்ணி, அயலவர் ஆகியோரில் ஒருவரையாவது கேளுங்கள்: "கிளினிக்குப் போனீங்களா?" இல்லை என்றால் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போங்கள். அந்த அக்கா எங்களிடம் கேட்ட கேள்வியை இனி யாரும் கேட்கும்படி விடக்கூடாது.